சுண்டக்கறிக்கு ஒரு கல்சட்டி: 14 மாதப் புழக்கத்துக்குப் பின்

கல்சட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் குழம்பு மிஞ்சுவதுண்டா? அன்றன்றைக்கு அளந்து சமைத்து, இரவுக்குள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிற வீடு என்றால் இந்தச் சட்டியால் பெரிய பயன் இராது. அழகுக்காக வாங்கி மேல்தட்டில் ஏற்றி வைப்பதற்கு இது கனமும் அதிகம், விலையும் அதிகம். மிஞ்சியதை மறுநாள் சுண்ட வைத்துச் சாப்பிடும் வழக்கம் உள்ளவர்களுக்கு, அதிலும் குளிர்ந்த ஊரில் குடியிருப்பவர்களுக்கு, இவ்வளவு இணங்கிப் போகிற பாத்திரம் வேறொன்றை நான் கண்டதில்லை. குன்னூரில் எங்கள் வீட்டு அடுப்பில் 14 மாதங்களாக வாரத்துக்கு மூன்று நான்கு நாட்களாவது ஏறி இறங்கும் இரண்டு லிட்டர் கல்சட்டியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதன் நிறைகளைப் போலவே குறைகளும் சொல்லத் தகுந்தவை.

எனக்குக் கல்சட்டி புதிய பொருளன்று. அம்பாசமுத்திரத்தில் ஆச்சியின் அடுக்களையில் மூன்று கல்சட்டிகள் இருந்தன. பெரியதில் குழம்பு, நடுத்தரமானதில் பழையது, விளிம்பு உடைந்துபோன சிறியதில் கல்லுப்பு. குழம்புச் சட்டி எண்ணெய் ஏறி ஏறிக் கரும்பளிங்கு போல மின்னும்; அதைத் தூக்கும் உரிமை ஆச்சிக்கும் அம்மாவுக்கும் மட்டுமே இருந்தது. குளிர்பெட்டி இல்லாத அந்த வீட்டில் மதியக் குழம்புக்கு இரவில் ஒரு கொதி, மறுநாள் காலையில் ஒரு கொதி என்று தவறாமல் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் அது குழம்பாக இராது. கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் ஏதோ ஒன்றாக மாறியிருக்கும். மார்கழிக் காலையில் கோயிலுக்குப் போய்ப் பல் கிடுகிடுக்கத் திரும்பி வரும் பிள்ளைகளுக்கு, பழையதைப் பிழிந்து உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, அந்தக் குழியில் இந்தக் குழம்பைச் சொட்டுப் போல வைத்துத் தருவார் ஆச்சி. சோறு சில்லென்றும் குழம்பு சுரீரென்றும் ஒரே வாயில் போகும். ஆச்சி காலமான பிறகு பெரிய சட்டி எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதில் குடும்பத்தில் இரண்டு கருத்துகள் உண்டு. அதற்குள் இங்கே நுழைய வேண்டாம். உப்புச் சட்டி அம்மாவிடம் வந்தது.

வேலை நிமித்தம் குன்னூரில் குடியேறிய பின், குளிருக்குத் தோதாக ஒரு கல்சட்டி வாங்க நினைத்து, முதலில் இணையத்தில் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். ‘பழக்கிய சட்டி, நேரடியாகச் சமைக்கலாம்’ என்று அறிவித்திருந்தார்கள். நான்கு அடுக்கு அட்டைக்குள் பத்திரமாக வந்த சட்டியைக் கையால் தடவிப் பார்த்ததில் வெடிப்பு ஏதும் தென்படவில்லை. ஆனால் மூன்றாம் நாள் மிதமான தீயில் வெறும் தண்ணீர் காய வைத்தபோதே அடியில் ஒரு கீறல் ஓடி, அடுப்பு நனைந்தது. விற்றவரிடம் முறையிட்டதற்கு, தீயை அதிகம் வைத்திருப்பீர்கள் என்று பதில் வந்தது, பணம் வரவில்லை. அந்தச் சட்டியின் மேல் பூசியிருந்த கறுப்பு துணியால் துடைத்ததும் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்க்கும்போது, பழக்கியதாகத் தோன்ற எதையோ தடவியிருக்கிறார்கள் என்றே இன்றும் எண்ணுகிறேன். கல்சட்டியைப் பார்க்காமல் வாங்குவதில்லை என்ற முடிவுக்கு அன்றே வந்துவிட்டேன்.

இரண்டாவது சட்டியைச் சேலத்தில் வாங்கினேன். கல்சட்டிக்குப் பேர்போன ஊர் அது. பாத்திரக் கடைகளுக்கு இடையே, கடை என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறுகிய ஓர் இடத்தில், அம்மி, ஆட்டுக்கல், பணியாரக்கல் ஆகியவற்றுக்குப் பின்னால் கல்சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, நடுவில் வைக்கோல் செருகி வைத்திருந்தார்கள். விற்பவர் பெரியவர், அவசரப்படுத்தவில்லை. புதிய சட்டி சாம்பல் நிறத்தில், சற்றே பச்சை ஓடி இருக்கும். கறுப்பாக இருப்பதைக் கேட்காதீர்கள், கறுப்பு உங்கள் வீட்டில்தான் ஏற வேண்டும் என்றார் அவர். கல்சட்டி கடையும் மாக்கல் மிகவும் மெதுவான கல். சிலேட்டில் எழுதிய பலப்பம் இதே இனம். ஆகவே அடிப்புறத்தில் விரல்நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அது வேறு கல். பிறகு சட்டியை உள்ளங்கையில் ஏந்தி விரல்கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். முழுச் சட்டி நீண்டு ஒலிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் ஒலி சட்டென்று அமுங்கிவிடும். இதற்கெல்லாம் மேலாக, சுவரின் கனம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விளிம்பில் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் சூடு ஏறும்போது அந்த இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். இரண்டு லிட்டர் கொள்ளும் சட்டிக்கு 1,400 ரூபாய் கொடுத்தேன். மூன்றரைக் கிலோ எடையுள்ள அதை மடியில் வைத்துக்கொண்டுதான் மலையேறும் பேருந்தில் வந்தேன்.

பழக்குவதற்கு எனக்குப் பதினைந்து நாட்கள் பிடித்தன. நேரம் இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே பின்வாங்கிவிடலாம், குறுக்குவழி கிடையாது. முதல் நாள் வெறும் தண்ணீரில் கழுவி, தூசு போகத் துடைத்து, விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் அடியுமாகப் பூசி வெயிலில் வைத்தேன். குன்னூரில் ஐப்பசி மாதத்து வெயிலை நம்பி எதையும் காய வைக்க முடியாது என்பதால், மழை விட்ட நேரத்தில் சன்னல் திட்டிலும் மற்ற நேரத்தில் அடுப்புக்குப் பக்கத்திலுமாக நான்கு நாட்கள் கடந்தன. அதன் பிறகு, சோறு வடித்த கஞ்சியைக் கைபொறுக்கும் சூட்டில் சட்டி நிறைய ஊற்றி, அது ஆறியதும் கொட்டிவிட்டு, மறுநாள் சற்றுக் கூடுதல் சூட்டில் ஊற்றி, இப்படி நாளுக்கு நாள் சூட்டை ஏற்றிக்கொண்டே போனேன். குக்கரில் சோறு வைக்கிற வீட்டில் வடிகஞ்சிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நானும் அந்தப் பத்து நாட்களும் சட்டிக்காகவே சோறு வடித்தேன். வடித்த சோற்றின் சுவை மீண்டும் பழகிப்போய், அதன் பிறகு குக்கரில் சோறு வைப்பதையே விட்டுவிட்டது தனிக்கதை. கடைசி மூன்று நாட்கள் கஞ்சியோடு சட்டியை அடுப்பிலேற்றி, எவ்வளவு சிறியதாக வைக்க முடியுமோ அவ்வளவு சிறிய தீயில் அரை மணி நேரம் வைத்து இறக்கினேன். கீறல் ஓடவில்லை.

அடுப்பில் இது நடந்துகொள்ளும் விதத்தைப் புரிந்துகொள்ளாமல் சமைத்தால் முதல் குழம்பு கட்டாயம் அடிபிடிக்கும். எனக்கும் அடிபிடித்தது. ஒரு கிலோ மாக்கல்லைக் குறிப்பிட்ட அளவு சூடாக்குவதற்கு, அதே எடை இரும்புக்குத் தேவைப்படுவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் வேண்டும். ஆகவே சட்டி மெல்லச் சூடேறும். ஏறிய சூட்டை இறக்கவும் மாட்டாது. எவர்சில்வர் பாத்திரத்தில் பழகிய கை, பதினைந்து நிமிடமாகியும் கொதி வரவில்லையே என்று தீயைக் கூட்டும். அதற்குப் பத்து நிமிடம் கழித்துக் கொதி வரும்போது அதை அடக்க வழியிராது. அடுப்பை அணைத்த பின்னும் ஐந்தாறு நிமிடம் ‘தளதள’வென்று கொதித்துக்கொண்டே இருக்கும். குழம்பு இன்னும் கொஞ்சம் சுண்ட வேண்டும் என்று தோன்றுகிற நேரமே அடுப்பை அணைக்கும் நேரம் என்பது எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. பின்லாந்துக்காரர்கள் இந்தக் கல்லில் வீட்டுக்குள் கணப்பு அடுப்புக் கட்டி, சில மணி நேரம் எரித்த விறகின் சூட்டை நாளின் பெரும்பகுதிக்கு வைத்துக்கொள்கிறார்கள். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இதே கல்லைச் சட்டியாகக் கடைந்து, செம்புப் பட்டை கட்டி, எண்ணெய் தடவிப் பழக்குகிறார்கள். ஆச்சிக்கு இதையெல்லாம் சொல்லியிருந்தால், அங்கேயும் வடிகஞ்சி உண்டா என்று கேட்டிருப்பார்.

இந்தச் சட்டிக்கு உண்மையான பரீட்சை சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் நடந்தது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் பொங்கலன்று இடிசாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல், வாழைக்காய், சேனை, பூசணி என்று காய்கறிகள் குவியும். சமைப்பவர்களும் சாப்பிடுபவர்களும் ஓய்ந்துபோன பிறகும் ஏனங்களின் அடியில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மறுநாள் அத்தனையையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்ட வைப்பதுதான் சுண்டக்கறி. அதற்கென்று செய்முறை எழுத முடியாது. முந்தின நாள் என்ன மிஞ்சியது என்பதுதான் செய்முறை. ஆச்சி வீட்டில் பதினெட்டுப் பேர் உண்ட பொங்கல் இப்போது நான்கு பேருக்கு வந்துவிட்டது. ஆனாலும் அம்மா பதினெட்டுப் பேர் கணக்கை மறக்காமல் சமைத்திருந்ததால் மிச்சத்துக்குக் குறைவில்லை. சிறுகிழங்கு மட்டும் ஊரிலிருந்து வந்தது, மண்ணோடு. மற்றவை குன்னூர்ச் சந்தையில் வாங்கியவை: பட்டர் பீன்ஸ், கேரட், பீட்ரூட். பீட்ரூட் பொரியலைச் சுண்டக்கறியில் சேர்க்கலாமா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. சேர்த்தேன். அது தவறு என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன்; சட்டியிலிருந்த எல்லாமே அடுத்த சில நிமிடங்களில் ஒரே சிவப்பாகிவிட்டன.

அன்று காலை எட்டு மணிக்கும் பனிமூட்டம் கலையவில்லை. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்புவரை இறங்கியது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மிச்சங்களைச் சட்டியில் அப்படியே கொட்டப் போனவளை அம்மா தடுத்து, முதலில் சட்டியில் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுச் சூடேற்றச் சொன்னார். குளிரும் சூடும் கல்லில் திடீரென்று சந்திக்கக் கூடாது என்பதே கல்சட்டிப் புழக்கத்தின் தலையான விதி. நீர் சூடான பிறகு, வெளியில் எடுத்து வைத்துக் குளிர் தணிந்த சாம்பாரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அப்படியே சேர்த்தோம். பிறகு கிழங்குகள், அதன் பிறகு பொரியல்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் அவியல். தயிரும் தேங்காயும் சேர்ந்த அவியல் எளிதில் கெட்டுப்போகும் என்பதால், அதை முகர்ந்து பார்த்து அனுமதி கொடுப்பது ஆச்சி வீட்டில் பெரிய அத்தையின் பொறுப்பு. குளிர்பெட்டியில் இருந்ததுதான் என்று நான் எவ்வளவு சொல்லியும் அம்மா முகர்ந்து பார்த்துவிட்டே கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் சட்டி அடுப்பில் இருந்தது. இவ்வளவு நேரமா என்று மலைக்க வேண்டாம். தீ சுண்டுவிரல் நுனியளவு, கிண்டுவதோ கால் மணிக்கு ஒரு முறை. அதுவும் மரக்கரண்டியால், அடியிலிருந்து புரட்டிவிட்டால் போதும். நான் பொறுமையிழந்து குமிழைத் திருப்பப் போனபோது அம்மா, “ஏட்டி, தீயைக் கூட்டாத, கல்லு கோவிச்சுக்கிடும்” என்றார். அது ஆச்சியின் வாக்கியம். அம்மாவின் வாயிலிருந்து அதை நான் முதல்முறையாகக் கேட்டேன். இருவரும் அடுப்பை ஒட்டி நின்றுகொண்டே இருந்தோம். காரணம் சட்டி மட்டுமன்று, அந்த வீட்டில் அன்று சூடாக இருந்த ஒரே இடம் அதுதான். முதல் அரை மணி நேரத்தில் சாம்பார் வாசனை தனியாக, சிறுகிழங்கின் மண்வாசனை தனியாக வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புளியும் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் கொஞ்சம் கருகலும் கலந்த ஒரே மணமாகிவிட்டது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றதும் அணைத்தோம். அணைத்த பிறகு கல் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சுண்ட வைத்துக் கொடுத்தது.

அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ சுண்டக்கறி வைக்க முடியாதா என்றால், வைக்கலாம்; குன்னூருக்கு வந்த முதல் இரண்டு பொங்கலுக்கும் அப்படித்தான் வைத்தேன். அலுமினியத்தில் இவ்வளவு நேரம் புளிப்பு கொதித்தால் உலோகம் அரிக்கப்பட்டுக் குழம்பில் ஒரு வாடை ஏறும். பித்தளை என்றால் ஈயம் பூசியிருக்க வேண்டும். எவர்சில்வரில் அந்தக் கவலை இல்லை. ஆனால் அடி மெல்லியது, நடுப்பகுதி பிடித்துக் கருகும்போது ஓரம் நீர்த்தே இருக்கும். மாக்கல்லின் பெரும்பகுதி டால்க் என்னும் மக்னீசிய சிலிக்கேட். சமையற்கட்டில் புழங்கும் புளிப்பு டால்க்கை எளிதில் கரைப்பதில்லை. சூடு அடியிலும் சுவரிலும் ஒருசேர நிற்பதால் மிச்சங்கள் சுற்றிலும் ஒரே பதத்தில் இறுகுகின்றன. சிறுகிழங்கு வாயில் கரைந்தது. ஆனால் கிழங்கென்று தெரியும் உருவோடு கரைந்தது. எவர்சில்வரில் வைத்த இரண்டு ஆண்டுகளும் அது மசியலாகவே போயிருந்தது.

இங்கே ஒரு சொல் விற்பனை விளம்பரங்களைப் பற்றி. கல்சட்டியில் சமைத்தால் கல்லிலிருக்கும் கனிமச்சத்துகள் உணவில் இறங்கும் என்று பலரும் எழுதுகிறார்கள்.  கொஞ்சம் இறங்கினாலும், அதைக் காட்டிச் சட்டி விற்கத் தேவையில்லை. சட்டியின் பெருமைக்கு அதன் சூடே போதும்.

பொங்கலைத் தவிர்த்த நாட்களில் இதில் நான் வைப்பது வற்றல் குழம்பு, புளிக்குழம்பு, கீரைக் கடைசல், சில வேளைகளில் மோர்க்குழம்பு. வற்றல் குழம்பு முதல் நாளைவிட இரண்டாம் நாள் இதில் நன்றாயிருக்கிறது. மூன்றாம் நாள் அதனினும் நன்று. மோர்க்குழம்பு வைக்கத் துணிச்சல் வேண்டும்: பொங்கி வரும்போது இறக்க வேண்டியது, இறக்கிய பின்னும் கொதித்துத் திரிந்துபோகிறது. இரண்டு முறை கெடுத்த பிறகு, குழம்பு வெதுவெதுப்பாகும்போதே அணைத்துவிடக் கற்றுக்கொண்டேன். ரசத்துக்கு இந்தச் சட்டி ஆகவே ஆகாது. நுரை கட்டியதும் இறக்க வேண்டிய பண்டத்தை, இறக்கச் சம்மதிக்காத சட்டியில் வைத்தால் மணமெல்லாம் கூரைக்குப் போய்விடும். பருப்பும் இதில் வேகாது, குறைந்தது மலையில் வேகாது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 பாகை செல்சியஸுக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது; அந்தச் சூட்டில் துவரம்பருப்பு மலருவதற்குள் எரிவாயு உருளை தீர்ந்துவிடும். பருப்பைக் குக்கரில் வேக வைத்து, சாம்பாரைக் கல்சட்டியில் கூட்டுவதே வழி. தாளிப்பதற்கும் தனி இரும்புக் கரண்டி வைத்துக்கொள்ள வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு இந்தச் சட்டியைக் கண்டுகொள்ளாது. அத்தகைய அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

தயிருக்கென்று முக்கால் லிட்டர் சட்டி ஒன்றைப் பின்னால் தனியாக வாங்கினேன். குன்னூர்க் குளிரில் தயிர் உறைவது பெரும்பாடு. இரவு உறை ஊற்றினால் காலையில் பாலாகவே இருக்கும். கல்சட்டியை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி, நீரைக் கொட்டிவிட்டு, கைபொறுக்கும் சூட்டில் பாலையும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக உறைமோரையும் விட்டு, தேங்காய்ப்பூத் துண்டால் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தால் காலையில் வெட்டியெடுக்கும் பதத்தில் உறைந்திருக்கிறது. குழம்புச் சட்டியில் இதைச் செய்யக் கூடாது. எண்ணெய் குடித்த கல் வாசனையையும் குடித்திருக்கும். நான் ஒருமுறை புளிக்குழம்பு மணக்கும் தயிர் சாப்பிட்டேன். பழையதுக்கும் குளிர்தான் தடை. அம்பாசமுத்திரத்தில் ஒரே இரவில் புளித்த சோறு, இங்கே விடிந்ததும் வெறுமனே குளிர்ந்த நீரும் சோறுமாக நிற்கிறது.

மிச்சத்துக்கென்றே இந்தச் சட்டியைப் புகழ்ந்துவிட்டு, மிச்சத்தை இதில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்வது விசித்திரமாகப் படலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். சமைத்த உணவில் கிருமிகள் பெருகுவது பெரும்பாலும் 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில்தான். எவர்சில்வர் பாத்திரம் அந்த இடைவெளியை விரைவில் கடந்து ஆறிவிடும். கல்சட்டி அதற்குள் பல மணி நேரம் இளஞ்சூடாகக் குந்தியிருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்பெட்டிக்குள் வைத்தால் பக்கத்திலிருக்கும் பாலும் சூடாகும், சட்டியும் வெடிக்கும். ஆகவே சாப்பிட்டு முடித்ததும், இரண்டு மணி நேரத்துக்குள், மிஞ்சிய குழம்பை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மீண்டும் சட்டிக்குக் கொண்டுவருகிறேன். ஆச்சி காலையும் இரவும் கொதிக்க வைத்தது குழம்புக்குப் பெரும்பாலும் ஒத்துவந்த வழி; சோற்றுக்கு அது ஒத்துவராது. வெளியில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மாற்றி மாற்றி ஊற்றுவது தொல்லைதான். கழுவ இன்னொரு பாத்திரம் சேர்கிறது.

கழுவுவதும் நிதானம் கேட்கும் வேலை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் வாடை அடுத்த குழம்பில் வந்து நிற்கிறது என்பது என் அனுபவம். சீயக்காய்த்தூளும் தேங்காய் நாரும் போதும். கம்பி நார் மெதுவான கல்லைச் சுரண்டிவிடும். சட்டி முழுக்க ஆறிய பிறகே தண்ணீர் படலாம். அதற்குக் காத்திருந்தால் தொட்டியில் இரவு முழுக்க ஒரு பாத்திரம் கழுவாமல் கிடக்கும். அதைப் பார்த்துத் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள், என் அம்மா அவர்களில் ஒருவர். கைப்பிடி இல்லாததால் தூக்குவதற்கு இரண்டு தடித்த பிடிதுணிகள் வேண்டும். கருங்கல் மேடையில் ‘நக்’கென்று வைத்துவிடாமலிருக்கப் பிரிமணையோ மடித்த சாக்கோ வேண்டும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் ஒரு லிட்டர் சட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிறையக் குழம்போடு என் சட்டி ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கிறது. பாத்திரத்தைத் தூக்கித் தட்டில் சரிக்கிற பேச்சுக்கே இடமில்லை, கரண்டியால் அள்ளித்தான் பரிமாற வேண்டும்.

1,400 ரூபாய்க்கு இது தகுமா என்றால், உடையாத வரை தகும். உத்தரவாதம் எதுவும் கிடையாது. தருவதாக யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர் சரியான அளவு. அதைவிடப் பெரியது சுண்ட வைக்க ஆகாது. அடிப்பரப்பில் மிச்சம் மெல்லப் படர்ந்து தீய்ந்துவிடும். நேரில் போய்த் தட்டிப் பார்த்து, சாம்பல் நிறச் சட்டியாக வாங்கி, பழக்குவதற்குப் பதினைந்து நாட்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். குளிர்காலம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிட்டால் முதல் பனிக்குச் சட்டி தயாராகிவிடும்.

சென்ற பொங்கலுக்கு மறுநாள், சுண்டக்கறி வழித்தெடுக்கப்பட்ட பின், சட்டியில் இரண்டு கரண்டி சூடான சோற்றைப் போட்டுச் சுவரிலும் அடியிலும் துடைத்தாற்போல் பிசைந்து அம்மா உருண்டை பிடித்தார். நாங்கள் நான்கு பேர், உருண்டைகள் மூன்றுதான் தேறின; பீட்ரூட்டின் புண்ணியத்தில் மூன்றும் இளஞ்சிவப்பாக இருந்தன. எனக்குத்தான் கிடைக்கவில்லை, பீட்ரூட் போட்டது நான் என்பதால்.

சட்டி இப்போது நன்றாகவே கறுத்திருக்கிறது. சென்ற மாதம் கழுவும்போது விளிம்புக்குக் கீழே, நகம் மாட்டுகிற அளவில் ஒரு கோடு தென்பட்டது. நீர் ஊற்றி இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன், கசியவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதற்கு, அடுப்பில் கோடு இருக்கும் பக்கத்தை என்னை நோக்கித் திருப்பி வைக்கச் சொன்னார். ஆச்சி அப்படித்தான் எட்டு வருடம் ஓட்டினாராம். கோடு இறங்கி அடியைத் தொட்டால், சட்டி உப்புக்குப் போய்விடும்.